மண்ணுள் செலுத்தும் வாயுவும் மனத்துள் நிற்கும் வேட்கையும்

இல்லறத்தில் நிற்போர்க்கு அஹிம்சை மகாவிரதமாக அன்றி அணுவிரதமாகவே விதிக்கப்பட்டுள்ளது என்பதை நம் சமுதாயத்தார் அனைவரும் அறிவர். உழுதல், சமைத்தல், மனை எடுத்தல், வாணிகம் செய்தல் ஆகிய எதுவும் உயிர்களுக்கு ஊறின்றி நடைபெறுவதில்லை. ஆகவே இயன்ற அளவு ஊறு குறையும் வழியைத் தேர்ந்து நடத்தலே இல்லறத்தார் கடமை என்று ஆன்றோர் வகுத்தனர். ஆனால் இந்நெறிக்குள்ளேயே கடினமான வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. ஊறு குறையும் வழியைத் தேடுகிறோம் என்று கூறிக்கொண்டே, ஊறு விளைக்கும் தொழிலை இன்னும் நெடுநாள் நடத்துவதற்கு வழி தேடுவோமாயின், அதனை அறம் என்று கொள்ளலாமா? தீமையைக் குறைக்கும் செயலையும் தீமையைத் தொடரச் செய்யும் செயலையும் எவ்வாறு பிரித்தறிவது?

இவ்வினாவை வெறும் சொல்லளவில் ஆராயாமல், இன்றைய உலகில் நடைபெறும் தொழில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். பூமிக்கடியில் எண்ணெய் தங்கிய பாறைகளுக்குள் வாயுக்களைச் செலுத்தி, எளிதில் வெளிவராத எண்ணெயை வெளிக்கொணர்வதே அத்தொழில். மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று கற்ற நமக்கு, அந்நான்கையும் ஒருங்கே கலக்கும் இத்தொழிலைப் பற்றிச் சிந்திக்கும் கடமை மற்றவரினும் மிகுதியாகவே உண்டு.

தொழிலின் இயல்பு

கச்சா எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கடற்பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பது போல, மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்துளைகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் கிணறு துளைத்தவுடன், பாறைக்குள் அடைபட்டிருந்த அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். இவ்வாறு தானே வருவது, பொதுவாக மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்களவே. அழுத்தம் குறைந்தபின் நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவர். அப்போதும் மொத்தத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரையே கிடைக்கும். எஞ்சிய பெரும்பகுதி பாறையை விட்டு நீங்குவதில்லை.

இங்கேதான் வாயு வந்து சேர்கிறது. பலாப்பழம் அரிந்த கையில் ஒட்டிய பிசினை, எத்துணை நீர் ஊற்றினும் போக்க இயலாது. சிறிது எண்ணெய் தடவினால் அது இளகி நீங்கிவிடும். கரியமில வாயு பாறைக்குள் செய்வதும் இதனை ஒத்ததே. 31 பாகை வெப்பத்திற்கும் ஏறத்தாழ 73 வளிமண்டல அழுத்தத்திற்கும் மேற்பட்ட நிலையில், அவ்வாயு நீர்மம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்லவியலாத தன்மையை அடைகிறது. அந்நிலையில் அது எண்ணெயோடு கலந்து, எண்ணெயைப் பருக்கச் செய்து, அதன் பிசுபிசுப்பைக் குறைத்து, பாறையின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. எண்ணெயோடு மேலே வரும் வாயுவைப் பிரித்து மறுபடியும் உள்ளே செலுத்துவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடும். இம்முறையால் மொத்தத்தில் 30 முதல் 60 விழுக்காடு வரை எண்ணெய் பெறலாம் என்பர். நைட்ரஜனையும் இயற்கை எரிவாயுவையும் செலுத்துவதும் உண்டு; எனினும் அறநெறி பற்றிய வினா கூர்மையாக எழுவது கரியமில வாயுவைப் பற்றியே.

இத்தொழில் பேரளவில் தொடங்கியது அமெரிக்க நாட்டில். டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஸ்கரி மாவட்டத்தில், 1948-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பெரும் எண்ணெய் வயல் ஒன்று உண்டு. ஸாக்ராக் என்று வழங்கும் அவ்வயற்பகுதியில் 1972-ஆம் ஆண்டு முதல் கரியமில வாயு செலுத்தப்பட்டது. எரிவாயுவைத் தூய்மை செய்யும் ஆலைகளில் கழிவாக வெளியேறிய வாயுவை, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே அங்குக் கொணர்ந்தனர். வானத்தைக் காக்கும் எண்ணம் அந்நாளில் அத்தொழிலுக்குக் காரணமாக இருக்கவில்லை. எண்ணெய் வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில்தான் இதற்கு இரண்டாவது பெயர் ஒன்று கிடைத்தது.

இரு தரப்பாரின் வாதம்

தொழிற்புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்களவு இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதே இதன் தலையாய காரணம். இந்நிலையில், புகைபோக்கி வழியே வானுக்குச் செல்லும் வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்பும் தொழில் நற்றொழில் ஆகாதோ என்று ஒரு தரப்பார் வினவுகின்றனர்.

அவர்கள் காட்டும் சான்று வலிமையற்றதன்று. கனடா நாட்டின் சாஸ்காட்செவன் மாநிலத்தில் வெய்பர்ன் என்னும் பழைய எண்ணெய் வயல் உள்ளது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு செய்யும் ஆலை ஒன்று, தன் கரியமில வாயுவைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் அவ்வாயுவின் பெரும்பகுதி ஏறத்தாழ 330 கிலோமீட்டர் குழாய் வழியே வெய்பர்னுக்குச் செல்கிறது. வானுக்குப் போயிருக்க வேண்டியது மண்ணுக்குப் போயிற்று. அறிவியலார் 2012-ஆம் ஆண்டு வரை அவ்வயலைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். இடையில் 2011-ஆம் ஆண்டில், தம் நிலத்தில் வாயு கசிகிறது என்று அருகிலிருந்த உழவர் குடும்பம் ஒன்று முறையிட்டது. ஆய்வாளர் மண்ணைச் சோதித்து, அங்குக் காணப்பட்ட வாயு இயற்கையாக மண்ணில் உண்டானதே என்று முடிவு கூறினர்.

கணக்கும் ஓரளவு அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஒரு பீப்பாய் எண்ணெய் என்பது 159 லிட்டர். அதனை எரித்தால் ஏறத்தாழ 400 கிலோ கரியமில வாயு உண்டாகும். எடுத்தல், தூய்மை செய்தல், கொண்டு செல்லுதல் ஆகியவற்றால் சராசரியாக மேலும் 100 கிலோ சேரும். அமெரிக்க வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 300 முதல் 600 கிலோ வரை வாயு செலுத்தப்படுகிறது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2019-இல் கூறியது. ஆகவே வாயுவை மிகுதியாகச் செலுத்தி முழுவதையும் உள்ளே நிறுத்தினால், எரிப்பதால் வருவதும் புதைப்பதும் சமமாகலாம் என்பது அவர்கள் வாதம்.

மற்றொரு தரப்பாரின் மறுமொழியும் வலியதே. அமெரிக்க எண்ணெய் வயல்களுக்குச் சென்ற கரியமில வாயுவின் பெரும்பகுதி ஆலைக் கழிவு அன்று. பூமிக்கடியில் இயற்கையாகவே அடைபட்டுக் கிடந்த வாயு. கொலராடோ மாநிலத்தில் மெக்கெல்மோ என்னும் இடத்தில் அத்தகைய பெரிய தேக்கம் ஒன்று உண்டு. அங்கிருந்து டெக்சாஸ் வயல்களுக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்ப்பாதை 1984-ஆம் ஆண்டில் அமைந்தது. எவர்க்கும் தீங்கின்றி நெடுங்காலமாகப் பாறைக்குள் அடங்கியிருந்த வாயுவை வெளியே எடுத்து, வேறோரிடத்தில் மண்ணுக்குள் செலுத்தி, அதற்கு ஈடாக எண்ணெயைப் பெற்று எரிப்பதை, வானுக்குச் செய்த நன்மை என்று எவ்வாறு கூறுவது? ஒரு பெட்டியில் இருந்ததை மற்றொரு பெட்டிக்கு மாற்றியவர் ஈகையாளர் ஆகார்.

ஒரே தொழில் ஓரிடத்தில் தீமையைக் குறைக்கிறது. வேறோரிடத்தில் குறைப்பது போலத் தோன்றுகிறது. அநேகாந்த நெறியைக் கற்ற நாம், நன்று என்றோ தீது என்றோ ஒரே சொல்லால் முடித்துவிடல் தகாது. எந்த இடத்தில், எந்த வாயுவால், எந்த நோக்கத்தோடு என்று கேட்டபின்னரே விடை கூறுதல் வேண்டும்.

நாவல் மரமும் ஆறு பேரும்

இலேசியைகளை விளக்க நம் வீடுகளில் குழந்தைகட்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பசித்த அறுவர் பழுத்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். இரண்டாமவன் அடிமரத்தை வெட்ட எண்ணினான். மூன்றாமவன் பெருங்கிளைகளையும், நான்காமவன் சிறு கிளைகளையும் முறிக்க எண்ணினர். ஐந்தாமவன் பழங்களை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவன் தரையில் உதிர்ந்து கிடப்பவற்றை எடுத்து உண்டால் போதும் என்றான். அறுவர்க்கும் பசி ஒன்றே. கருமை முதல் வெண்மை வரை அவர்தம் உள்ளத்தின் நிறமே வேறு.

எண்ணெய்த் தொழிலார் இக்கதையைக் கேட்டால், தம்மை ஆறாமவனோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கூடும். புதிய காட்டை அழித்தோமா? புதிய கடலைத் துளைத்தோமா? முன்னரே தோண்டிய வயலில், முன்னரே அமைந்த கிணறுகளில், எஞ்சிக் கிடப்பதை அன்றோ எடுக்கிறோம் என்று அவர்கள் கூறலாம். இக்கூற்றில் உண்மை ஒரு பகுதி உண்டு. புதிய நிலத்தைக் கலக்குவதினும் கலங்கிய நிலத்திலேயே தொழில் செய்வது ஊறு குறைந்ததே.

ஆயினும் கதையை இன்னும் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆறாமவனின் சிறப்பு, அவன் எந்தப் பழத்தை எடுத்தான் என்பதில் மட்டும் இல்லை. உதிர்ந்தவை தீர்ந்தபின் அவன் என்ன செய்வான் என்பதில் இருக்கிறது. அவன் எழுந்து தன் வழியே செல்வான். மரத்தை உலுக்க மாட்டான். போதும் என்னும் சொல் அவன் உள்ளத்தில் முன்னரே இருக்கிறது. வாயுவைச் செலுத்தி எண்ணெய் எடுப்பவரோ, தானே வந்ததை எடுத்தபின் நீரைச் செலுத்தினர். நீரால் வந்ததை எடுத்தபின் வாயுவைச் செலுத்துகின்றனர். இது மரத்தை உலுக்கியபின் மீண்டும் உலுக்கும் முயற்சியே அன்றி, உதிர்ந்ததை எடுக்கும் அமைதி அன்று.

பாறையில் எஞ்சும் எண்ணெயைக் கைவிட்டுப்போன செல்வம் என்று கணக்கில் எழுதும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. மண்ணுக்குள் இருப்பது மண்ணுடையது என்று எழுதும் கணக்கேடு எங்கும் இல்லை. நம் ஆசாரியர்கள் பரிக்கிரகம் என்பதற்குப் பொருள் கூறும்போது, கையில் உள்ள பொருளை மட்டும் கூறவில்லை; பொருளின்மேல் உள்ளம் மயங்கி ஒட்டிக்கொள்வதையே பரிக்கிரகம் என்றனர். இன்னும் கைக்கு வராத எண்ணெயை இழப்பாகக் கருதும் உள்ளத்திற்கு இவ்விளக்கம் மிகப் பொருந்தும்.

உழவனும் வலைஞனும்

நோக்கத்தை இவ்வளவு ஆராய வேண்டுமோ, பயன் நன்றாக இருந்தால் போதாதோ என்று சிலர் கேட்கலாம். நம் சமயம் செயலால் நிகழும் ஊற்றைத் திரவிய ஹிம்சை என்றும், உள்ளத்தில் நிகழ்வதைப் பாவ ஹிம்சை என்றும் பிரித்துக் காட்டுகிறது. உழவன் ஏர் ஓட்டும்போது எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. எனினும் கொல்லுதல் அவன் கருத்தன்று. வலைஞன் நாள் முழுதும் மீன் ஒன்றும் அகப்படாமல் திரும்பினும், கொல்லும் கருத்தே அவன் உள்ளத்தில் நிறைந்திருந்தது. இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டி நம் முன்னோர் விளக்கியுள்ளனர்.

உழவுத் தொழிலையே வழிவழியாகக் கொண்ட நம் சமுதாயத்திற்கு இவ்வுவமை ஆறுதல் தருவது. ஆனால் அது அளவின்றிப் பயன்படுத்தத்தக்க ஆறுதல் அன்று. உழவனுக்கும் கவனம் கடமையாக்கப்பட்டுள்ளது. கருத்து நன்று என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு ஏர் ஓட்டுபவன் உவமையில் வரும் உழவன் ஆகான். கவனமின்மையாகிய பிரமாதமே ஹிம்சையின் வேர் என்பது ஆசாரியர் துணிபு. ஆகவே இத்தொழிலில் உள்ளக் கருத்து யாது என்பதோடு, கவனம் எவ்வளவு என்பதையும் நோக்குதல் வேண்டும். முதலாவதை விலை காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவதை விபத்து காட்டிக்கொடுக்கிறது.

விலையும் விரதமும்

டெக்சாஸ் மாநிலத்தில் நிலக்கரி அனல் மின்நிலையம் ஒன்றின் புகையில் ஒரு பகுதியிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் பெட்ரா நோவா என்னும் ஆலை, 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. பிடித்த வாயு, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் ராஞ்ச் எண்ணெய் வயலுக்குக் குழாய் வழியே சென்றது. புகையைத் தூய்மை செய்யும் வழிக்கு இது முன்மாதிரி என்று பலரும் புகழ்ந்தனர்.

2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவி, உலகெங்கும் ஊர்திகள் நின்றன. எண்ணெய் விலை சரிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அமெரிக்கச் சந்தையில் எண்ணெய்க்கான முன்பேர விலை சுழிக்கும் கீழே இறங்கியது. மே மாதத்தில் பெட்ரா நோவா நிறுத்தப்பட்டது. மின்நிலையம் நிற்கவில்லை. புகை முன்போல வானுக்குச் சென்றது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அவ்வாலை மறுபடியும் இயங்கியது.

இதனை ஒருவர்மேல் குற்றம் சுமத்துவதற்காக எடுத்துக்காட்டவில்லை. நட்டத்தில் வாணிகம் நடத்த எவராலும் இயலாது. ஆனால் இந்நிகழ்ச்சி ஒரு தெளிவைத் தருகிறது. இலாபம் உள்ளவரை நடந்து, இலாபம் நீங்கியவுடன் நின்றுவிடுவது வாணிகமே அன்றி விரதம் ஆகாது. விரதத்தின் இலக்கணமோ இதற்கு நேர் மாறானது. நோன்பு நோற்பவர், உணவு மலிந்த நாளில் உண்டு, அரிதான நாளில் உண்ணாதிருப்பவர் அல்லர்.

அமெரிக்கச் சட்டமும் இவ்வேற்றுமையைச் சில காலம் உணர்ந்திருந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கரியமில வாயுவை வெறுமனே புதைத்தால் டன்னுக்கு 20 டாலரும், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்திப் புதைத்தால் 10 டாலரும் வரிச் சலுகையாகக் கிடைத்தன. 2022-ஆம் ஆண்டில் இவை முறையே 85 டாலராகவும் 60 டாலராகவும் உயர்ந்தன. ஒன்றும் எதிர்பாராமல் புதைப்பது மேல், எண்ணெய் பெற்றுக்கொண்டு புதைப்பது அதற்கு அடுத்த படி என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். 2025-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமோ, புதிய ஆலைகளுக்கு இரண்டையும் 85 டாலர் என்று சமமாக்கிவிட்டது. இரண்டு செயல்களுக்கு ஒரே விலை வைத்ததால், அவை ஒரே செயல் ஆகிவிடமாட்டா.

எண்ணெய் பெறாமல் புதைப்பது இயலாத செயலும் அன்று. நார்வே நாட்டுக்கு அருகே வட கடலில், ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயலில், 1996-ஆம் ஆண்டு முதல் கரியமில வாயுவைக் கடலடியிலுள்ள உவர்நீர்ப் பாறைக்குள் செலுத்தி வருகின்றனர். தொடக்க காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் செலுத்தப்பட்டது. அதனால் எண்ணெய் ஒரு துளியும் வருவதில்லை. 1991-ஆம் ஆண்டில் அந்நாடு விதித்த வரியே அதற்குத் தூண்டுகோல். ஆகவே அதுவும் தூய தவம் அன்று. அவ்வயலின் எரிவாயுவும் எங்கோ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் புதைக்கும் செயல் அங்கே மற்றொரு வேட்கைக்குக் கருவியாக்கப்படவில்லை. வேற்றுமை சிறிதாயினும் குறித்துக்கொள்ளத்தக்கது.

பங்கில்லாதார் பட்ட துன்பம்

மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்னும் சிற்றூர் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் மாலை, பெருமழையால் மண் சரிந்து, அவ்வூருக்கு அருகே கரியமில வாயு சென்ற குழாய் உடைந்தது. இவ்வாயு காற்றினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை மிகுந்தது. ஆதலின் மேலே எழுந்து கலைந்துவிடாமல், தாழ்வான நிலத்தில் படர்ந்து ஊரைச் சூழ்ந்தது. ஊர்திகளின் பொறிகள் பிராணவாயு கிடைக்காமல் நின்றன. ஏறத்தாழ 200 பேர் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவம் நாடினர். உயிர்ச்சேதம் நேராதது நற்பேறு. வாயு எவ்வளவு தொலைவு பரவக்கூடும் என்பதைக் குழாயை நடத்தியவர்கள் குறைவாக மதிப்பிட்டிருந்தனர் என்றும், மீட்புப் பணியினர்க்கு உரிய செய்தி தரவில்லை என்றும் பின்னர் அரசு விசாரணை கண்டறிந்தது.

மேலே கூறிய பிரமாதம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எவர்க்கும் தீங்கு செய்யும் கருத்து அங்கு இல்லை. ஆனால் எண்ணெயின் ஊதியத்தில் பங்கில்லாத ஊரார், எண்ணெய்க்காகச் சென்ற வாயுவின் ஊற்றில் மட்டும் பங்கு பெற்றனர். நடக்கும்போதும் பேசும்போதும் பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனம் வேண்டும் என்று துறவியர்க்குச் சமிதிகள் ஐந்து விதிக்கப்பட்டன. ஒரு மயிற்பீலியால் தரையை ஒற்றியபின் அமரும் நெறி நம்முடையது. மண்ணுக்கு மேலும் கீழும் பெருங்குழாய்களை நீட்டும் தொழிலுக்கு அக்கவனத்தில் நூற்றில் ஒரு பங்காவது வேண்டாமா?

ஊற்றும் செறிப்பும் உதிர்ப்பும்

வினை உயிரை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதனைத் தடுத்து நிறுத்துவதைச் செறிப்பு என்றும், முன்னரே சேர்ந்ததைக் களைவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர் வழங்கினர். ஓட்டை விழுந்த ஓடத்தை இதற்கு உவமையாகக் கூறுவர். ஓட்டை வழியே நீர் புகுவது ஊற்று. ஓட்டையை அடைப்பது செறிப்பு. உள்ளே புகுந்த நீரை இறைத்துக் கொட்டுவது உதிர்ப்பு.

வானத்தில் சேர்ந்துவரும் கரியமில வாயுவுக்கும் இவ்வுவமை பொருந்தும். வாயுவைப் பிடித்துப் புதைப்பது நீரை இறைப்பது போன்றது. அது தேவையான செயலே. ஆனால் இறைத்த நீருக்குக் கூலியாக ஓட்டையை அகலமாக்கிக்கொள்ள உரிமை கேட்பவனை ஓடத்தில் உள்ளோர் என்னென்று சொல்வர்? இறைக்கும் அளவும் புகும் அளவும் சமம் என்று அவன் கணக்குக் காட்டலாம். கணக்குச் சரியாகவே இருந்தாலும், ஓடம் கரை சேரும் வழி அதுவன்று. செறிப்பு இன்றி உதிர்ப்பு மட்டும் வீடு தராது என்று ஆசாரியர் கூறியதன் பொருள் இதுவே.

வாயு செலுத்துவதால் கூடுதலாக வரும் எண்ணெய், வேறொரு வயலின் எண்ணெய்க்கு மாற்றாகி அவ்வயலை மூடச் செய்தால் ஊறு குறையும். அதற்கு மேலும் ஒரு பங்காகச் சந்தையில் சேர்ந்து விலையைத் தணித்து, மக்களை மேலும் எரிக்கத் தூண்டினால் ஊறு பெருகும். இரண்டில் எது நிகழும் என்பதைப் பாறையோ வாயுவோ தீர்மானிப்பதில்லை. வாங்குவோர் தம் தேவைக்கு வரம்பு கட்டினரா இல்லையா என்பதே தீர்மானிக்கிறது.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் காணும் விடை இது. தீமையைக் குறைப்பதாகக் கூறும் எந்தச் செயலையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். ஊதியம் நின்றபின்னும் அச்செயல் நிற்குமா? மூலத் தீமைக்கு அது ஒரு வரம்பு கட்டுகிறதா? அதன் ஆபத்தைச் சுமப்போர் அறிந்து இசைந்தனரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதனை அறத்தின் பக்கம் சேர்க்கலாம். இல்லையெனில், குறைந்த தீமை என்று கொண்டு அந்த அளவுக்கு வரவேற்கலாம். ஆனால் அறம் என்னும் பெயரை அதற்குத் தரலாகாது. பெயரைத் தந்துவிட்டால், பெயருக்கு உரிய செயலைத் தேடுவதை மக்கள் நிறுத்திவிடுவர். வெய்பர்னின் கவனத்தைப் போற்றுவதும், மெக்கெல்மோவின் கணக்கை மறுப்பதும், பெட்ரா நோவாவின் நிறுத்தத்தை நினைவிற் கொள்வதும் ஒருங்கே இயலும். அதுவே நடுவுநிலை.

நம் பங்கு

டெக்சாஸ் வயலில் நடப்பதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் எண்ணலாம். செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை சேரும் என்பது நமக்குப் பாலபாடம். நம் நாடு தான் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. எந்தத் துளி எந்தப் பாறையிலிருந்து எவ்வாறு வந்தது என்று எவரும் பிரித்துச் சொல்லவியலாது. ஊர்தியில் பெட்ரோல் ஊற்றுபவரும், டீசல் இயந்திரத்தால் வயலுக்கு நீர் இறைப்பவரும், அடுப்பில் எரிவாயு மூட்டுபவரும் ஆகிய நாம் அனைவரும் உடன்பட்டவர் வரிசையில் நிற்கிறோம்.

இதனால் அடுப்பையும் உழவையும் கைவிடுக என்று கூறவில்லை. வாழ்வுத் தொழிலில் நேரும் ஊறு இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டதன்று. ஆனால் இல்லறத்தாரின் விரதங்களுள், இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்னும் திக்விரதமும், பயனற்ற ஊற்றை விலக்கும் அநர்த்த தண்ட விரதமும், நுகர்ச்சிக்கு அளவு கட்டும் போகோபபோக பரிமாணமும் உண்டு. திக்விரதத்தைப் பழங்காலத்து வழக்கம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிட்டனர். காலால் நடந்தும் வண்டியில் சென்றும் வாழ்ந்த நாளினும், கண் இமைப்பதற்குள் எண்ணெயை எரித்துத் தொலைவைக் கடக்கும் இந்நாளுக்கே அவ்விரதம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

செயலளவில் சொல்வதானால், வரும் சாதுர்மாசிய நான்கு திங்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஓர் அளவை ஏற்கலாம். துறவியர் ஓரிடத்தில் தங்கும் அக்காலத்தில், இல்லறத்தார் தம் ஊர்தியின் ஓட்டத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு குறித்துக்கொள்ளலாம். நோய், முதியோர் தேவை, தொழில் ஆகியவற்றுக்கு விலக்கு வைத்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கும் ஆலய தரிசனத்துக்கும் ஓர் ஊரிலிருந்து நான்கு ஊர்திகள் தனித்தனியே புறப்படுவதற்கு மாற்றாக, உறவினர் சேர்ந்து ஒன்றில் செல்லலாம். பம்புசெட்டு ஓடும் நேரத்தைப் பயிரின் தேவை அளவில் நிறுத்தலாம். இவற்றால் உலகின் வானம் தூயதாகிவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஆனால் முன்னே கூறிய மூன்று கேள்விகளையும் பிறர் தொழிலின்மேல் எழுப்புவதற்கு முன், நம் இல்லத்தின்மேல் எழுப்பும் தகுதி இதனால் நமக்கு வாய்க்கும்.

எண்ணெய் விலை குறையும் நாளில் நாம் ஏற்ற அளவு குறையாமல் நிற்குமானால், அது விரதம். விலை ஏறியதால் மட்டும் ஊர்தியை நிறுத்திவைத்தால், அதுவும் ஒரு வாணிகமே. இவ்வேற்றுமையை நம் இளைஞர் தம் வீட்டுக் கணக்கிலேயே கண்டுணருமாறு செய்தல் பெற்றோர் கடமை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கே அமைந்து, அளவறிந்து வாழும் நெறி நம் இல்லங்களில் தழைப்பதாகுக.

ஜினதர்மம் ஓங்குக!